வாய் திறக்காத மருமகள்

இனிமேல் மகள் வீட்டில்தான் இருப்பது என்று பையைக் கட்டிவிட்டேன்.

காரணம், மருமகள். நான் உட்கார்ந்திருந்தால் நன்றாகத்தான் பேசுகிறாள். நான் எழுந்து நடந்தபடி ஏதாவது கேட்டால் போதும், வாயில் பூட்டு.

"ஏம்மா, பேப்பர் எங்க?"

பதில் இல்லை.

"உன்னைத்தான் கேட்கிறேன்."

ம்ஹூம். எனக்குச் சுர்ரென்று ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு பாட்டம் திட்டுவேன். கடைசியில் நான் போய் உட்கார்ந்ததும், "என்ன கேட்டீங்க மாமா?" என்பாள், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

நான் யார்? ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த கண்டக்டர். பார்க்கின்சன் வந்ததிலிருந்து, நகராத வீட்டுக்குள் விழுகிறேன். அதற்காக மரியாதையுமா போய்விடும்?

மகள் வீட்டுக்குப் போகிற வழியில் பிசியோதெரபி. பையைத் தூக்கிக்கொண்டு மருமகளும் கூடவே வந்தாள்.

டாக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "இழுக்கப் போறேன் சார். விழாம காலைப் பின்னால எடுத்து வைங்க."

தோளை இழுத்தார். கால் அசையவில்லை. பழைய கண்டக்டர் நான், மூட்டை மாதிரி அவர் கையில் சாய்ந்தேன்.

"என் காலை விடுங்க டாக்டர். இவ வாயைக் கொஞ்சம் பாருங்க. நடக்கும்போது பேசினா பதிலே சொல்றதில்ல."

"நான்தான் சார் சொல்ல வேண்டாம்னேன். நடந்துக்கிட்டே பேசினா உங்க கவனமெல்லாம் பேச்சுக்குப் போயிடும். கால் தடுமாறும்."

"அதை என்கிட்ட சொல்லலாமே?"

"சொன்னேனே. 'யாருக்குச் சொல்றீங்க, நான் ஓடற பஸ்ல...'ன்னு ஆரம்பிச்சிட்டீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மருமகள் பக்கம் திரும்பினேன்.

"நீயாவது ஞாபகப்படுத்தக் கூடாதா? உனக்குத் திமிருன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"தெரியும் மாமா. பதில் சொன்னா பேசிக்கிட்டே நடக்கறீங்க, விழறீங்க. சொல்லலைன்னா கோவத்துல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடறீங்க. திட்டினப்ப ஒரு தடவைகூட நீங்க விழுந்ததில்ல."

மெல்ல வாசலுக்கு நடந்தேன்.

"பையை நம்ம வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடும்மா" என்றேன், நடந்துகொண்டே.

பதில் வரவில்லை.