வலித்தால் இடது கை

தலைக்கு மேலிருக்கும் விளக்கின் வெள்ளை வட்டம் முகத்தில் விழுந்ததும், நாற்காலியில் சாய்ந்திருப்பவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். உதடுகள் வீங்கி, வறண்டு, இரண்டு கடைவாயும் வெடித்துக் கிடக்கின்றன. வாஸ்லின் தடவி உதட்டை இளக்காமல் யாரையும் வாயைத் திறக்கச் சொல்லாத பல் டாக்டரம்மா, பஞ்சில் வாஸ்லினைத் தொட்டுக்கொண்டே, "வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா, உடனே நிறுத்திடுறேன்" என்கிறாள். "இவளா வாயைத் திறப்பா? இப்படித் திறக்கணும்!" பக்கத்தில் நிற்கும் கணவன் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை அவள் வாய்க்குள் விட்டு வெடுக்கென்று இழுக்கிறான். பொருக்கு பிய்ந்து கடைவாய் கிழிகிறது. ரத்தம் தாடையில் இறங்கிக் காகித விரிப்பில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. அவள் தூக்கப் போன இடது கையை அவனுடைய இன்னொரு கை நாற்காலியோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. இழுபட்ட உதட்டின் உட்புறத்தில் அடி விழுந்து அவள் பல்லே பதிந்த காயங்கள், பழையதும் புதியதுமாக, விளக்கில் பளிச்சென்று தெரிகின்றன. டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "கையை எடுங்க. எக்ஸ்ரே எடுக்கணும், வெளிய போங்க." "உதட்டுக்கு எதுக்கு எக்ஸ்ரே?" "டாக்டர் நீங்களா, நானா? போங்கய்யா!"

அவன் வெளியேறியதும் டாக்டரம்மா கதவைச் சாத்தித் தாழ் போடுகிறாள். எக்ஸ்ரே இயந்திரம் உறை போட்டபடியே மூலையில் நிற்கிறது. கருவிகளைத் தட்டில் வைத்துவிட்டு, வெறும் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டுகிறாள். "இப்ப யாரும் உங்களைத் தொடலம்மா. வலிக்குதா?" வெளியே அவன் தட்டுகிறான், பிறகு உதைக்கிறான், தாழ்ப்பாள் துள்ளுகிறது. ஐந்து விரல் தடமும் சிவந்திருக்கும் அந்த இடது கை மெல்ல எழுந்து, இறங்காமல் நிற்கிறது.