மேஸ்திரியின் தும்மல்

எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அந்தத் தும்மல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. முதலில் ஒரு சின்ன இழுப்பு. பிறகு தகரக் கூரையில் கல் விழுந்ததுபோல ஒரு வெடி. கடைசியில், "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு.

செருப்புப் பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். யார் குரலையும் அச்சாக எடுத்துவிடுவாள். வேலை, அடித்தோலுக்குப் பசை தடவுவது. டின்னைத் திறந்தாலே கண் எரியும். சாயங்காலத்துக்குள் தலை கிறுகிறுக்கும்.

அப்போது அவளுக்கு நான்காம் மாதம். யாரிடமும் சொல்லவில்லை.

பசைப் பிரிவில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது என்பது பட்டறையின் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வேறு பிரிவில் இடம் கிடையாது. வீட்டுக்குத்தான் போக வேண்டும். போனவர்களில் ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. அவள் புருஷனோ வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான்.

தொளதொளவென்று ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி டின்னைத் திறந்தாள்.

அந்த வாரம்தான் மேஸ்திரி தும்ம ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ஏழு தும்மல். செவ்வாய்க்கிழமை பதினொன்று. புதன்கிழமை முதலாளியம்மா அறையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி இது, இடி மாதிரி?"

"இந்தப் பசை நாத்தம் எனக்கு ஒத்துக்கலைம்மா. மூக்கு வெந்து போச்சு. ஸ்டோர்ல ஒரு வெள்ளைப் பசை தூங்குதே, தண்ணியில கரைச்சது. அதுக்கு மாறிடலாம்."

"அது காயறதுக்கு இருபது நிமிஷம் ஆகுமாமே?"

"ஆகும். விளக்குச் சூட்டுல வெச்சா பாதியாக் குறையும். இல்லைன்னா வேற மேஸ்திரியைப் பாருங்கம்மா. நான் கிளம்பறேன்."

பழைய வெட்டு மெஷின் அவர் கைக்குத்தான் அடங்கும். மறுநாள் பழைய டின்கள் வண்டி ஏறின.

பட்டறையே முணுமுணுத்தது.

"முப்பது வருஷமா மோந்தவருக்கு இப்ப மூக்கு ரோஜாப்பூ ஆயிடுச்சாம்."

"இது காயறதுக்குள்ள என் பேத்தி பேசக் கத்துக்கும்."

"ஒரு மூக்குக்காக நாப்பது கை காத்துக் கெடக்கு" என்றாள் ரேடியோ. அத்தோடு விட்டாளா? எழுந்து நின்று அந்தத் தும்மலை அப்படியே எடுத்தாள். இழுப்பு, வெடி, அம்மாடி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சட்டென்று சிரிப்பு நின்றது. திரும்பினால், தண்ணீர் டம்ளரும் கையுமாக மேஸ்திரி.

"அம்மாடியை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைக்கனம் பிடித்த மனுஷன் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் மூக்கு புண்ணியம் கட்டிக்கொண்டது. ஆறாம் மாதம் வயிறு ஊரறிந்தபோது அவளை அனுப்புவதற்குக் காரணம் இல்லை. நெடியில்லாத வெள்ளைப் பசைக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஒன்பதாம் மாதம் வரைக்கும் வேலை பார்த்தாள். பிரசவம் முடிந்து அதே ஸ்டூலுக்குத் திரும்பியும் வந்தாள். 'அடித்தது யோகம்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

போன மாதம் மேஸ்திரி ஓய்வு பெற்றார். மனைவியையும் கூட்டிவந்திருந்தார். ஒரு பூங்கொத்து, ஒரு கேக். அப்புறம் எல்லோரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ரேடியோவின் தும்மல். இந்தத் தடவை அம்மாடியை நன்றாக இழுத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியின் மனைவி மட்டும் விழித்தார்.

"யாரும்மா இப்படித் தும்முவாங்க?"

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர்தான். அந்தப் பழைய பசை வாசனைக்கு."

"வாசனையா? இவருக்கா?" அந்த அம்மாள் பூங்கொத்தைக் கணவரின் மூக்கில் வைத்து அழுத்தினார். "கேட்டுப் பாரு, என்ன பூன்னு. அந்த டின்னு தின்ன மூக்கும்மா இது. செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அடுப்புல கேஸ் கசிஞ்சாகூட நான்தான் ஓடி வரணும்."

ரேடியோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூக்கு செத்துப் பதினைந்து வருஷம். தும்மல் கேட்டு எட்டு. விரல் விட்டு எண்ணவே வேண்டியிருக்கவில்லை. நிஜத் தும்மல் ஒன்றைப்போல ஒன்று இருக்காது; அவருடையதெல்லாம் ஒரே அச்சு. பத்துப் பேர் குரலைப் பிரித்தறிகிற அவள் காதுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் கேக்கைச் சுற்றிப் போனதும் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க?"

"டின்னைத் திறந்தா எல்லாருக்கும் கை மூக்குக்குப் போகும். அந்த வாரம் உனக்கு வயித்துக்குப் போச்சு."

"முதலாளியம்மாகிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன்னை அனுப்பிட்டுப் பசையை வெச்சுக்குவாங்க. எனக்குத் தும்மல்னா பசையை அனுப்பிட்டு என்னை வெச்சுக்குவாங்க." கேக்கை ஒரு வாய் போட்டுக்கொண்டார். "இதுல என்ன வாசனை போட்டிருக்கான்?"

"ஏலக்காய்ண்ணே" என்றாள்.

அவள் மகளுக்கு இப்போது ஏழு வயது. மூன்றாவது வீட்டில் பால் தீய்ந்தால் முதலில் சொல்கிறவள் அவள்தான்.