ஆணி அடிக்கக் கூடாது

"சாயங்காலம் வீடு பார்க்க வர்றாங்க. கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வை."

"மறுபடியும் இந்த வீட்டையா?"

"ஆமா, இந்த வீட்டைத்தான்."

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

அவள் கணவருக்கு ஐந்து வீடு. ஒரு வீட்டு வாடகையில் இன்னொரு வீட்டுக் கடனைக் கட்டி, அந்த வீட்டு வாடகையைக் காட்டி அடுத்த வீட்டுக்கு லோன் வாங்கி, அப்படியே சேர்த்தது. அலுவலகத்தில் யாராவது வீடு வாங்குவதைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "வீடு ஒரு மாசம்கூடச் சும்மா இருக்கக் கூடாது சார். அதுதான் சூட்சுமம்" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் சூட்சுமத்தின் லட்சணத்தை அவளைக் கேட்டால் சொல்வாள். எந்த வீடு காலியாகிறதோ, அதில் இவர்கள் போய்க் குடியேற வேண்டும். கறையைத் தேய்த்து, குழாய்க்கு வாஷர் மாற்றி, பெயிண்ட் அடித்து, வீடு பளிச்சென்று ஆனதும் நல்ல வாடகைக்கு ஆள் வரும். உடனே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு அடுத்த காலி வீட்டுக்கு. மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சான முகவரி ஒன்று, கல்யாணத்தன்று இருந்த வீடு வேறு. உறவுக்காரர்களில் பாதிப் பேர் யார் வீட்டு வாசலிலோ போய் நின்றார்கள்.

எத்தனை வீடு மாறினாலும் ஒரு சட்டம் மட்டும் மாறாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குடியிருப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'ஆணி சார்'. பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான். இவர்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த கடிகாரம் இன்றுவரை சுவரில் ஏறியதில்லை. இப்போதும் ஃபிரிஜ் மேல் சாய்ந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"இவங்களுக்குப் பிடிச்சுப்போனா நாம எங்க போறது?"

"மூணாவது மாடி வீடு அடுத்த மாசம் காலியாகுது."

"அங்க லிஃப்ட் இல்லைங்க."

"தெரியும்."

"என் முட்டி..." அவள் முடிக்கவில்லை. முட்டியைப் பற்றி டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது, மகளிடம் சொல்லியாகிவிட்டது, இவரிடமும் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. "இது கீழ் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தா காத்து வருது. ஒரு தடவையாவது ஒரு இடத்துல நிம்மதியா உட்காரலாம்னு பார்த்தேன்."

அவர் செய்தித்தாளைப் புரட்டினார். இதற்குச் சுவரிடமே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இதற்கு முன் வந்த இரண்டு குடும்பமும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனதோடு சரி, திரும்பி வரவில்லை. "வீட்டுல என்ன குறைன்னே புரியலைம்மா" என்று தரகர்கூட அலுத்துக்கொண்டார். இந்தத் தடவை அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். எப்படியும் போகத்தான் போகிறோம், இழுத்துக்கொண்டு கிடப்பானேன்?

சாயங்காலம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை.

"வீடு எப்படி ஆன்ட்டி? தண்ணிப் பிரச்சனை ஏதாவது இருக்கா?"

"தங்கமான வீடும்மா. தண்ணி எந்நேரமும் வரும். பகல்ல லைட்டே போட வேண்டாம். குழந்தை ஓடியாட ஆரம்பிச்சா கீழ் வீடுதான் சௌகரியம்."

சொல்லிக்கொண்டே சமையலறை ஜன்னலையும் திறந்து காட்டினாள்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்" என்றான் கணவன்.

"வாங்க, பின்னால மோட்டாரைக் காட்டறேன்" என்று அவர் அவர்களைக் கூட்டிப்போனார்.

வந்தவர்கள் டீ குடித்த டம்ளர்களைக் கழுவ அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மோட்டார் பக்கத்திலிருந்து அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"கைக்குழந்தையோட வந்திருக்கீங்க, மறைக்கக் கூடாது. மழை வந்தா இந்தச் சமையலறைச் சுவர் ஊறும்."

"காய்ஞ்சுதானே இருக்கு சார்?"

"பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கேன்."

"என்ன சார், உள்ள ஆன்ட்டி தங்கமான வீடுன்னாங்க. யாரை நம்பறது?"

"அவ நல்லவ. அவளுக்குத் தெரியாது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணாவது மாடியில எனக்கு இன்னொரு வீடு இருக்கு. ஊறல், ஒழுகல் ஒண்ணும் கிடையாது. உங்க வயசுக்கு மாடி ஏறுறது ஒரு விஷயமா? வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கறேன்."

அவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வாடகையைக் குறைப்பதாக அவர் யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை. மெல்ல அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். போன மழைக்குக்கூட அதில் பொட்டு ஈரம் கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் உள்ளே வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இவங்களுக்கும் ஒத்து வரலை. ஆபீஸ் தூரமாம். என்ன பண்றது, கொஞ்ச நாள் நாமதான் இதுல இருந்தாகணும்."

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். ஃபிரிஜ் மேலிருந்த கடிகாரத்தை எடுத்துத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள். கூடவே ஒரு சுத்தியலும் ஓர் ஆணியும் வைத்து, சமையலறைச் சுவரைக் காட்டினாள்.

ஆணி சார் பதறிப்போனார். "சமையலறைச் சுவர்லயா? சுவர் என்னத்துக்கு ஆகும்?"

"அதான் ஊறுற சுவராச்சே. ஒரு ஆணியில என்னங்க கெட்டுடப் போகுது?"