கடல்காற்று வைத்தியம்

ஐயாதுரையின் மணிக்கட்டில் ரோஸ் நிறத்தில் ஓர் உதடு பதிந்திருந்தது. காபி டம்ளரை வாங்க அவர் கையை நீட்டியபோதுதான் வெள்ளைத்தாய் அதைப் பார்த்தாள்.

“இது என்னங்க?”

“எது?” என்று கத்தினார் ஐயாதுரை. அவருக்கு மெதுவாகப் பேச வராது. மணிக்கட்டைப் பார்த்ததும் அவசரமாக வேட்டியில் தேய்த்துக்கொண்டார். “பீச்சுல பெஞ்சுக்குப் பெயிண்டு அடிச்சிருக்கான். அது ஒட்டிருச்சு.” டம்ளரோடு எழுந்து குளியலறைக்குள் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து துணைக்கு வந்திருந்த தங்கை மாரீஸ்வரி பக்கத்து அறையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் சுற்றியிருந்த துண்டைக்கூட அவிழ்க்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெஞ்சுக்கு ஏதுக்கா ஒதடு?”

வெள்ளைத்தாய்க்கு அழுகை முட்டியது. அவர் உடம்பு தேறவேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தாள். ஐயாதுரை ராஜபாளையத்தில் நூற்பு மில்லில் இருந்தவர். சித்திரையில் ஓய்வு பெற்றதும் மில் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, சுந்தரபாண்டியத்தில் வயலோரமாகக் கட்டியிருந்த புது வீட்டுக்குக் குடிபோனார்கள். அன்றைக்குப் போனதுதான் அவருடைய தூக்கம். மாத்திரை, எண்ணெய்க் குளியல், ஜாதிக்காய்ப் பால் எதுவும் கேட்கவில்லை. விடிய விடிய விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்து ஆள் பாதியாகிவிட்டார்.

“கடல்காத்து படட்டும். அமைதியான எடமாப் பாத்துத் தங்க வைங்க,” என்றார் டாக்டர். அதனால்தான் புதுச்சேரி. வெள்ளைக்காரன் காலத்து மஞ்சள் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில், பூனை நடந்தாலும் கேட்கிற மாதிரி ஒரு விடுதி.

முதல் ராத்திரி அவர் கண்ணே மூடவில்லை. மறுநாள் சாயங்காலம், “பீச்சுல செத்த நேரம் நடந்துட்டு வாரேன்,” என்று கிளம்பினார். அதிலிருந்து தினமும் அதே பேச்சு. திரும்பி வரும்போது வெள்ளைத்தாய் நல்ல உறக்கத்தில் இருப்பாள்.

“அத்தான் மொகத்தைக் கவனிச்சியாக்கா? எம்புட்டுத் தெளிச்சி! இட்லி உள்ள போற வேகம் என்ன, வாய்க்குள்ளயே பாடுற பாட்டு என்ன!”

“கடல்காத்து ஒத்துக்கிடுச்சுட்டி.”

“கடல்காத்து லிப்ஸ்டிக் போடுமாக்கா?”



அன்று பொழுது சாய்ந்ததும் அக்காவும் தங்கையும் முக்காடு போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தார்கள். கடற்கரைச் சாலையில் ஊரே காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஐயாதுரை கடல் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. காந்தி சிலையைத் தாண்டி, ஐஸ்கிரீம் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியேறி, ஒரு சந்துக்குள் திரும்பினார். சந்து முனையில் நீலமும் சிவப்புமாக விளக்கு மின்னிக்கொண்டிருந்த கட்டடத்தின் முன்னால் நின்றார்.

வாசலில் நின்ற தடியன் அவருக்கு சல்யூட் அடித்தான். “வாங்க சார். உங்க எடத்துல யாரையும் உக்கார விடல.”

வெள்ளைத்தாய் மாரீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, எடமே பிடிச்சு வச்சிருக்காவளாம்! கேண்டீன் டீயைத் தவிர வேற எதையும் தொடாத மனுசன்ட்டி. நான் இப்பவே ஊருக்குப் பஸ் ஏறுறேன். அவிய இங்கனயே இருந்துக்கிடட்டும்.”

“பஸ் எங்கயும் போயிராது. அவ யாருன்னு மொதல்ல பாப்போம், வா.”

உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெண் இருவருடைய கையையும் பிடித்து, மணிக்கட்டில் சீல் ஒன்றைக் குத்தினாள். ரோஸ் நிற உதடு.

“அக்கா, இது வாசல் சீலுக்கா!” என்றாள் மாரீஸ்வரி.

வெள்ளைத்தாய்க்குப் போன உயிர் பாதி திரும்பியது. ஆனால் உடனே முகம் இறுகிவிட்டது. “வாசல்லயே இந்தக் கோலம்னா, உள்ள என்ன கூத்தோ!”

உள்ளே தரை அதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டில் யாரோ உலக்கை போடுகிற மாதிரி பாட்டு இடித்தது. வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்க, பையன்களும் பெண்களும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடியும் ஐயாதுரையைக் காணவில்லை.

மாரீஸ்வரிதான் கண்டுபிடித்தாள். அக்காவின் முகத்தைப் பிடித்து மூலைப் பக்கம் திருப்பினாள்.

ஆள் உயர ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சோபா. அதில் ஐயாதுரை மட்டும் தனியாக இருந்தார். முன்னால் எலுமிச்சை ஜூஸ் டம்ளர் நிறைய அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு, அடித்துப் போட்டமாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளைத்தாய் அசையாமல் நின்றாள். காலுக்குக் கீழே தரை தடதடவென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. மில் குடியிருப்பில், சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று ஷிப்டும் ஓடுகிற மெஷின்கள் வீட்டையே இப்படித்தான் அதிரவைக்கும். அந்தச் சத்தத்தில் ஒருநாள்கூட அவர் தூக்கத்துக்குக் கஷ்டப்பட்டதில்லை.

“பாவி மனுசா, சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே,” என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு நிமிஷம் அறையே அடங்கியது. ஐயாதுரை புருவத்தைச் சுருக்கிக்கொண்டு புரண்டார்.

வெள்ளைத்தாய் அவர் காதருகே குனிந்து, “என்னங்க…” என்றாள், ரகசியம்போல.

தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறுகிற பையன் பதறிப்போய் ஓடிவந்தான்.

“அம்மா, மெதுவாப் பேசாதீங்க! சார் முழிச்சுக்குவாரு!”