குருவின் கிண்ணம் எது?

தடாலென்று சத்தம். ரிக்ஸின் திரும்பிப் பார்ப்பதற்குள் மடத்துக் கதவின் குறுக்கே கட்டை விழுந்திருந்தது.

"கணவாயில பனி விழ ஆரம்பிச்சிருச்சு லாமா. இப்பக் கிளம்பலேன்னா வசந்தம் வரைக்கும் நான் இங்கேயேதான்."

"போகலாம் தம்பி. டீயைக் குடிங்க," என்றார் தலைமை லாமா தோன்டுப். ரிக்ஸின் வெண்ணெய்த் தேநீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

விஷயம் கசிந்துவிட்டது. மடத்தை நிறுவிய குரு தார்கே தவ அறையில் ஒளியாகக் கரைந்தார் என்பது இவர்கள் சொல்வது. தப்பி ஓடி, மணாலியில் சாதாரண ஆளாகச் செத்தார் என்பது ரிக்ஸின் எழுதிவரும் வரலாறு.

"குருவைப் பத்தி எல்லாம் தெரியுமாமே?"

"உங்களைவிட அதிகமாவே."

"நீங்க பொறந்தது எப்போ?"

"அது எதுக்கு? குரு செத்த மறு வருஷம்."

"மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல, புத்தகம் எழுத வந்துட்டாரு," என்று முணுமுணுத்தார் சமையல் லாமா.

தோன்டுப் இரண்டு மரக் கிண்ணங்களை எடுத்து வைத்தார். "இதுல குருவோடது எது?"

பரீட்சை! தப்பாகச் சொன்னால் பொய்யன் என்பார்கள். சரியாகச் சொன்னால் வாயடைத்துப்போய்க் கதவைத் திறப்பார்கள்.

"இதுதான். இடது கையால பிடிச்சுக் குடிப்பார். அந்தப் பக்கம்தான் தேஞ்சிருக்கு."

அடுத்து மணிகள், ஜபமாலைகள், ஊன்றுகோல்கள். எதிலும் அவன் தயங்கவில்லை. கடைசியில் இரண்டு கம்பளிக் குல்லாய்கள் வந்தன.

"ரெண்டுமே அவரோடது இல்ல. கம்பளி பட்டாலே அவருக்கு அரிக்கும். என்கிட்டயேவா?"

சமையல் லாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவாவது ஒத்துக்குங்க லாமா. அவர் ஓடித்தானே போனார்?"

"ஆமா. ஓடித்தான் போனார்."

ரிக்ஸின் சிரித்தபடி பையைத் தோளில் மாட்டினான். "அப்பக் கதவைத் திறங்க."

யாரும் திறக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தார்கள். மொட்டை மாடியில் நீளக் கொம்பு முழங்கியது.

தோன்டுப் வெள்ளைப் பட்டுத் துண்டை அவன் கழுத்தில் போட்டார்.

"போன பிறவியில ஜன்னல் வழியா ஓடிட்டீங்க, குருவே. இப்ப அதுக்கும் கம்பி போட்டாச்சு."