இறுக்கமான மூடி

"அழுத்திண்டே திருப்பணும் மாமா. வெறுமனே திருப்பினா சுத்திண்டேதான் இருக்கும்."

"அழுத்திண்டேதானே இருக்கேன்! உனக்குக் கண்ணு தெரியலையா?"

பட்டாபிராமன் மாத்திரை பாட்டிலை மடியில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியோடு மல்லுக்கட்டினார். மூடி கடகடவென்று சுற்றியதே தவிர, கழலவில்லை. ரயில்வேயில் பெரிய பெரிய அதிகாரிகளையே எதிர்த்துப் பேசிய மனுஷர், மைசூர் விஜயநகரில் சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

"யாருக்கு வேணும் இந்தப் பாழாப்போன மூடி?"

"குழந்தைகள் திறக்கக் கூடாது, வயசானவா திறக்கணும். மாத்திரை பாட்டிலுக்கு அப்படித்தான் மூடி வேணும். ஆபீஸ்ல எல்லாரும் சின்னப் பசங்க. டெஸ்ட் பண்ண உங்களை விட்டா எனக்கு வேற யார் இருக்கா?" என்றாள் மருமகள் சைத்ரா. பேக்கேஜிங் டிசைன் படித்தவள்.

உகாதி கழிந்த கையோடு பட்டாபிராமனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் காலும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் மக்கர் செய்தது. தினமும் வேலை கொடுக்காவிட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பந்தைப் பிசையச் சொன்ன பிசியோதெரபிஸ்டை, "நான் என்ன எல்கேஜி பையனா?" என்று விரட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சைத்ரா, ஆபீஸ் வேலை என்று சொல்லி பாட்டில்களை அவர் முன்னால் பரப்ப ஆரம்பித்தாள். மருமகளுக்கு உதவி என்றதும் அவர் மறுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

"சரி, அதை விடுங்கோ. இந்த ஷாம்பு பாட்டிலை ஸ்வல்பம் அமுக்குங்கோ."

"என்ன இது, கல்லு மாதிரி இருக்கு?"

"இது ஹெச்டிபிஇங்கற பிளாஸ்டிக் மாமா. பால் மாதிரி மங்கலா, கெட்டியா இருக்கும். சோப்பு, ஆசிட் எதுவும் இதை அரிக்காது."

"அப்போ தண்ணி பாட்டில்?"

"அது 'பெட்'னு வேற பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி உள்ளே இருக்கறது பளிச்சுனு தெரியும். ஆனா வெந்நீரை ஊத்தினா சுருங்கிடும். இந்த ஷாம்பு மூடி பாலிப்ரொப்பிலீன். மூடியைச் சேர்த்துப் பிடிச்சிருக்கே இந்தப் பட்டை, இதை எத்தனை தடவை மடிச்சாலும் முறியாது."

"என்னைக்கூட அதுலயே பண்ணியிருக்கலாம்."

சைத்ரா சிரித்தாள். பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் முகத்திலிருந்த சோர்வு கொஞ்சம் விலகும். மாமனாரும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

அவர் ஷாம்பு மூடியையும் திறக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. பாட்டிலைத் தொப்பென்று சோபாவில் போட்டார்.

"மூடிதான் தப்பு மாமா, உங்க கைமேல தப்பில்லை. நாளைக்கு வேற பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் கணவன் வினய் காபி கலந்துகொண்டிருந்தான். "இன்னிக்காவது திறந்தாரா?"

"இல்லை. நேத்திக்குத் திறந்த ஷாம்பு மூடிகூட இன்னிக்கு வரலை." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டெஸ்டும் இல்லை, ஒண்ணும் இல்லை, எல்லாம் நம்மாத்துப் பழைய பாட்டில்னு அப்பாவுக்கு ஒரு நாள் தெரிஞ்சுட்டா?"

"தெரிய வேண்டாம். கை சரியாகிற வரைக்கும் நான் விடப்போறதில்லை."

"ரொம்பக் களைச்சுப் போயிட்டே, சைத்ரா."

"பரவாயில்லை. இதையும் விட்டுட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

முகத்தைக் கழுவிக்கொண்டு, மாவு வாங்கிவர அவள் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாள்.

வினய் புதிதாக வாங்கிய தக்காளித் தொக்கு பாட்டிலைத் திறக்கப் பார்த்தான். திருகினான். துண்டைச் சுற்றித் திருகினான். அசையவே இல்லை. பல்லைக் கடித்தபடி ஹாலுக்கு வந்தான்.

"கொண்டா இங்கே" என்றார் பட்டாபிராமன்.

வலது கையால் ஒரே திருகு. மூடி டப்பென்று திறந்துகொண்டது.

"அப்பா! உங்க கை!"

"கத்தாதே. கை போன மாசமே சரியாயிடுத்து."

வினய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் ஏன் அவளை இப்படிப் படுத்தறேள்? உள்ளே வந்து அழறா."

"அழறாளா?" பட்டாபிராமனின் முகம் வாடிப்போனது. பிறகு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, நாளைக்கு ஒரே ஒரு மூடியைத் திறந்துடறேன். ஆபீஸ்ல அவளை வேலையை விட்டு நிறுத்திட்டதை ரெண்டு பேரும் என்கிட்ட மறைச்சேள், நானும் கேக்கலை. எல்லா மூடியையும் திறந்துட்டா, அவளுக்கு மிச்சம் இருக்கிற இந்த ஒரு வேலையும் போயிடுமேடா!"