முழங்காலுக்குப் பாடிய பெட்டி

தரையில் உட்கார்ந்திருந்த குட்டி ஆம்பிளிஃபயர் பெட்டிக்குப் பதினாறு பெரிய ஆம்பிளிஃபயர்களின் குரலில் பாடத் தெரியும். காலையிலிருந்து பதினாறையும் பாடிக் காட்டிவிட்டது. கிட்டாரோடு நின்றிருந்த எட்வினுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "இன்னும் மந்தமாத்தான் இருக்கு" என்று கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை மறுபடியும் திருகினான்.

எதிரே படுத்திருந்த பூனை காதை மடக்கிக்கொண்டது. "போதும்டா சாமி, காது கிழியுது."

"அவருக்குச் சரியாவே கேக்கலையாம்" என்று தவித்தது ஆம்பிளிஃபயர்.

"எப்படிக் கேக்கும்? நீ அவன் முழங்காலைப் பாத்துல்ல கத்துற?"

"அதையெல்லாம் யோசிக்க எங்க நேரம்? முதல் குரலையே இன்னொரு தடவை பாடிப் பாக்குறேன்."

பூனைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து இரண்டு முன்னங்காலாலும் ஆம்பிளிஃபயரைத் தள்ளியது. பெட்டி மல்லாக்க விழுந்து எட்வின் முகத்தைப் பார்த்தது. அதே நேரம் அவன் கம்பிகளை ஓங்கி மீட்டினான்.

மீட்டியவன் துள்ளிப் பின்வாங்கிக் காதைப் பொத்திக்கொண்டான். "சனியனே, ஏன் இப்படிக் கத்துற?"

மல்லாந்து கிடந்த ஆம்பிளிஃபயர் பூனையிடம் மெதுவாகச் சொன்னது: "திட்டுனா திட்டட்டும். கேட்டுருச்சு."